வலிச்சா மதி

என் சாவித்திரி அக்காவுக்கு, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டே கேள்.

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: சுவரில் சாய்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நீ. உன் முதுகைத் தடவிய நான். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த உன் மாமியார் கோமதி. உன் ஆம்படையான் மகாதேவன், எனக்கு அத்திம்பேர். அப்புறம் அந்த மலையாள டாக்டர்.

அதற்கு முன்னால் மாமி செய்த வைத்தியம் இன்றும் மறக்கவில்லை. மஞ்சள் கொம்பைச் சுட்டு உன் மாரில் வைத்தாளே, தோல் பொசுங்கின அந்த வாடை! பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாயிற்று. இழுப்பு நின்றதா?

டாக்டர் ஊமத்தை இலை வைத்துச் சுருட்டின மருந்துச் சுருட்டைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அதுதான் இங்கிலீஷ் வைத்தியம். "வலிவு வரும்போ இது வலிச்சா மதி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இந்த மலையாளத்து ஊரில் இழுப்புக்கு வலிவு என்று பேர். வலிக்கிறது என்றால் புகையை உள்ளே இழுப்பது. மதி என்றால் போதும். நம் தெருக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"பீடியா? என் மாட்டுப்பொண் வாயிலயா?" மாமி பிடுங்கிக்கொண்டாள். "வலிச்சாத்தானே குடுக்கச் சொன்னார்? ஏண்டி, உனக்கு எங்கயாவது வலிக்கறதா?"

பேச உனக்கு மூச்சில்லை. பொய்யும் வராது. இல்லை என்று தலையாட்டினாய். ஏன் அக்கா? ஒரே ஒரு பொய்!

"மாமி, வலிக்கறதுன்னா இங்க புகை பிடிக்கறது!" என்று கத்தினேன்.

"நேத்திக்கு முளைச்சவ எனக்குப் பாஷை சொல்லித் தராளாக்கும்! மகாதேவா, ஆபீஸ்ல நாள் பூரா மலையாளம் பேசறயே, நீ சொல்லுடா."

அத்திம்பேர் மூக்கில் பொடியை ஏற்றி, கறை பிடித்த கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். பெண்டாட்டி சுருட்டுப் பிடித்தாள் என்று தெரு சிரிக்குமே!

"அம்மா சொல்றது சரிதான். வலிச்சாக் குடுத்தாப் போறும்."

சுருட்டு அடுப்புக்குள் போயிற்று. விளக்கு வைப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது என் பேத்திக்கும் உன் இழுப்புதான். ஊசி போடுகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மோர்சாதம் கேட்கிறாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, வயிறும் எரிகிறது. மருந்துக்கு முகம் சுளிக்கிற வீட்டில் அவளைக் கொடுக்க விடமாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

கோமதி மாமிக்குப் பாஷை தெரியாது. அவளைப் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். தெரிந்தே சொன்னவனை விடமாட்டேன். அத்திம்பேர் என்று இனிமேல் எழுதவும் மாட்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கை பர்வதம்.
யாருக்கும் மச்சினி இல்லை, கேட்டாயா மகாதேவா.