தோள் பெல்ட்டில் தையல் கண்டு 317ஆம் எண் காரை நிறுத்தியவரைத் திரும்ப அமர்த்த வேண்டி

அனுப்புநர்:
317ஆம் எண் காரைச் செய்த மெக்கானிக்கின் மனைவி,
தையல் கடை (கடைக்குப் பின்னால் வீடு),
தண்ணீர்த் தொட்டித் தெருக் கடைசி.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
உப்புவெளி வேக ஓட்டத் திடல் அலுவலகம்.

பொருள்: வண்டிச் சோதனையாளர் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: 1. சென்ற மாதம் 6ஆம் தேதி நான் கொடுத்த புகார் மனு.
2. ஆதாரம் கேட்டு 20ஆம் தேதி தாங்கள் அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் ஆதாரம் கேட்டிருந்தீர்கள். ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனால் அது அவர் பக்கம் இருக்கிறது. அதனால்தான் இந்த மனு. போன மனுவை அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவர் எழுதினார். இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. என் கணவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பதினோரு வருடம் உழைத்து இந்தக் காரைச் செய்தார். நீளமாக, ஒடுக்கமாக, ஒரே ஒரு ஆள் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரும்படி இருக்கும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “என்னப்பா, சவப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டுறியா?” என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். “ஓட வைக்க ஒரு வருஷ வேலை. நிறுத்தி உசுரோட இறக்கி விட பத்து வருஷ வேலை” என்பது அவர் பதில். சொன்னபடிதான் நடந்தது. எஞ்சின் ஒரே வருடத்தில் தயாரானது. மீதிக் காலமெல்லாம் தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, தீயணைப்பான், கை வெளியே போகாமல் தடுக்கும் வலை, பின்னால் விரிந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும் பாராசூட் என்று போனது. கொட்டகைக் கதவில் சாக்பீஸால் நாற்பத்தொரு வரி எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே எதிரில் டிக் போடுவார். தொடாமல் ஒரு டிக் போட்டு நான் பார்த்ததில்லை.

3. சென்ற வருடம் நுரையீரல் நோயில், ஆஸ்பத்திரியில், இறந்தார். அதுவரை அந்தக் கார் ஒருமுறைகூட உப்புவெளியைப் பார்க்கவில்லை.

4. எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேனில் வேக முள் நாற்பதைத் தாண்டாது. அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள். “அப்பா கட்டினதை ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு நிறுத்திடறேம்மா” என்றாள். நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு சம்மதித்தேன். எஞ்சினையும் சக்கரத்தையும் என் கொழுந்தனார் பார்த்துக்கொண்டார். அவரும் அதே பட்டறையில் வேலை செய்கிறவர். துணி சம்பந்தப்பட்டதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

5. இனி என் தவறு. காரில் உள்ள பெல்ட் என் கணவர் உடம்புக்கு வாங்கியது. அவர் மார்பு நாற்பத்து நான்கு அங்குலம். மகள் அவரில் பாதி. எவ்வளவு இழுத்தாலும் தோள் பெல்ட் அவள் தோளில் உட்காராமல் தொளதொளவென்று நின்றது. இருபத்தேழு வருடமாக ஊருக்கே அளவு குறைத்துக் கொடுக்கிறவள் நான். இரண்டு தோள் பெல்ட்டையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெட்டி, என்னிடம் இருந்ததிலேயே தடித்த நூலால் குறுக்கும் நெடுக்குமாக நான்கு வரிசை ஓட்டினேன். வெட்டும்போது கத்தரி இரண்டு தடவை நின்றது. அந்த நீளம் அவர் உடம்பின் நீளம். வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை.

6. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெல்ட் ஓரத்தில் தேதியும் எண்ணும் அச்சிட்ட சின்னத் துண்டு ஒன்று தைத்திருந்தது. மகள் கழுத்தில் குத்துமே என்று அதையும் பிரித்து எடுத்துவிட்டேன். எந்தச் சட்டை கைக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பேன். கதவில் பதினேழாவது வரியில் என் கணவர் ‘பெல்ட்: தேதி பார், தையல் பார்’ என்று எழுதியிருந்தார். நம் தையல்தானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று டிக் போட்டேன். அந்தக் கதவில் நான் போட்ட ஒரே டிக் அதுதான்.

7. ஓட்ட நாளன்று காலை சோதனைக் கொட்டகையில் வரிசையில் நின்றோம். சோதனையாளர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உப்புத் தரையில் முதுகு பதியப் படுத்துக் காரின் அடியெல்லாம் பார்த்தார். ‘யார் கட்டினது’ என்று கேட்டு, தெரிந்ததும் எழுந்து நின்று கூண்டைக் கையால் தடவினார். ஒரு குறையும் சொல்லவில்லை. மகளைத் தலைக்கவசம் போட்டு உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, எத்தனை நொடியில் வெளியே வருகிறாள் என்று கடிகாரத்தில் பார்த்தார். அதிலும் தேறினாள். கடைசியாகத் தோள் பெல்ட்டை விரலால் தடவினார். விரல் நின்றது. ஓரத்தில் தேதித் துண்டைத் தேடினார், இல்லை. “இது யார் தைச்சது?” என்றார். நான்தான் என்று பெருமையாகவே முன்னால் வந்தேன். “தையல் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா வண்டி இன்னைக்கு ஓடாது” என்றார்.

8. அதன் பிறகு நான் பேசியதைத் தாங்கள் பலர் வாயால் கேட்டிருப்பீர்கள். எல்லாம் உண்மை. கிழிந்த துணித் துண்டு இல்லையென்று செத்தவர் உழைப்பைக் குப்பையில் போடுகிறாயா என்றேன். உன் வீட்டில் இழவு விழுந்தால்தான் தெரியும் என்றேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் சிவப்புச் சீட்டு எழுதி, கிழித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அப்போது அவர் கோட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லாததைப் பார்த்தேன். ஒரு பொத்தான் தைத்துக்கொள்ளத் தெரியாதவனா என் தையலைக் குறை சொல்வது என்று அதற்கும் ஒரு பாட்டு விட்டேன்.

9. மூன்றாம் நாள் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வாசலில் மனு எழுதுகிறவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “இப்படி அழுதா ஒரு பயலும் திரும்பிப் பார்க்க மாட்டாம்மா. கொஞ்சம் காரம் சேர்க்கணும்” என்றார். பொம்பளை ஓட்டக் கூடாது என்று சொல்லித்தான் சோதனையாளர் தடுத்தார் என்று அவராகச் சேர்த்து எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் மேல் பழியைப் போட எனக்கு விருப்பமில்லை. பொய்யை அவர் எழுதினாலும் கையெழுத்து என்னுடையது. சோதனையாளர் அப்படி ஒரு சொல் சொல்லவில்லை. என் மகளை அவர் ‘ஓட்டுநர்’ என்றே கூப்பிட்டார்.

10. விசாரணை முடியும்வரை அவர் திடலுக்கு வரக் கூடாது என்று தாங்கள் நிறுத்தி வைத்ததை அறிந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், மனம் குளிர்ந்தது.

11. பிறகு ஆதாரம் கேட்ட தங்கள் கடிதம் வந்தது. என் தையல் எவ்வளவு தாங்கும் என்று காட்டினால் போதும் என்று கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். போட்டோ எடுத்து அனுப்புவதாகத் திட்டம். கொட்டகைக் கூரையின் இரும்பு உத்தரத்தில் முதலில் நான் கை வைக்காத இடுப்புப் பெல்ட்டைக் கட்டினார். மறுமுனையில் ஒரு பழைய எஞ்சினை மாட்டி, அதை மேசையிலிருந்து தள்ளிவிட்டார். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுங்கி ஊஞ்சல் போல ஆடி நின்றது. அடுத்து என் பெல்ட். மகள் கையில் போனோடு நின்றாள். தள்ளினார். புதுத் துணியைக் கிழிக்கும்போது வருமே, அந்தச் சத்தம்தான். எஞ்சின் நேராகத் தரையில் விழுந்து சிமெண்ட் தளம் பிளந்தது. என் நூல் நான்கு வரிசையும் அறுந்திருந்தது. நூல் மட்டுமில்லை, ஊசி ஏறிய வழியெல்லாம் பெல்ட்டே கிழிந்திருந்தது. நான் ஓட்டிய ஒவ்வொரு வரிசையும் அதைப் பலவீனமாக்கியிருக்கிறது. கொழுந்தனார் கிழிந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அண்ணி, இது மேசை உசரந்தான். அங்க ஓடறப்ப வண்டி கவுந்தா இதைப் போல பல மடங்கு” என்று மட்டும் சொன்னார்.

12. ஐயா, அங்கேயே டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலில் பயம் வந்தது. அதன் பிறகு வந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் இறந்த நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல மூச்சு அடி வயிறு வரைக்கும் போனது. மகள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். முழுசாக நின்றுகொண்டிருந்தாள். அன்று மதியம் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவளையே பார்த்தேன். “என்னம்மா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறியா?” என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தேன். அப்புறம்தான் அழுகையும் சரியாக வந்தது.

13. என் கணவர் இருந்திருந்தால் அந்தப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்திருப்பார். அவர் இல்லாத இடத்தில் நின்று தொட்டுப் பார்த்தது அந்தச் சோதனையாளர் ஒருவர்தான். அவரைத்தான் நான் திடலை விட்டு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் இல்லாமல் வேறு பிள்ளைகள் காரில் ஏறி உட்காருகிறார்கள் என்று நினைத்தால் தையல் ஓடவில்லை.

14. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ) என் புகாரை ரத்து செய்து, அதில் ‘பொம்பளை’ என்று தொடங்கும் வரி பொய் என்று பதிவு செய்ய வேண்டும். அதற்கு எனக்கு என்ன தண்டனை உண்டோ ஏற்றுக்கொள்கிறேன்.

ஆ) அவரை உடனே பணியில் அமர்த்த வேண்டும். நான் கத்தியதைச் சோதனைக் கொட்டகையில் எல்லாரும் கேட்டார்கள். இந்த மனுவையும் அதே இடத்தில் எல்லாரும் கேட்க ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். நானே வந்து வாசிக்கவும் தயார்.

இ) காரைச் செய்கிறவருக்கு விதிப் புத்தகம் கொடுக்கிறீர்கள். அது தடிமனாக இருக்கிறது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு தாள் போதும். பெல்ட்டை வெட்டாதே, தைக்காதே, தேதித் துண்டை எடுக்காதே, பாராசூட்டைத் துவைத்து மடிக்காதே என்று பெரிய எழுத்தில் போட்டுக் கொடுங்கள். பாசத்தில் ஊசி எடுக்கிற கைகள் இன்னும் எத்தனை வீட்டில் இருக்குமோ.

15. வருகிற 21ஆம் தேதி ஓட்டத்துக்கு மகள் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் அளவுக்கே புதுப் பெல்ட் வாங்கியாயிற்று. தேதித் துண்டு அதன் இடத்திலேயே இருக்கிறது. கதவில் நான் போட்ட டிக்கை அழித்துவிட்டேன். பதினேழாவது வரி இப்போது காலியாக இருக்கிறது. அன்றைக்கு அவர் வந்து தொட்டுப் பார்த்துச் சரியென்றால் மகள் ஓட்டட்டும். இல்லையென்றால் சிவப்புச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். இதுவே என் வேண்டுகோள்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,

(கையொப்பம்)
317ஆம் எண் காரைச் செய்தவரின் மனைவி,
அதன் ஓட்டுநரின் தாய்.

இடம்: தையல் கடை
தேதி: 4ஆம் தேதி, திங்கட்கிழமை

இணைப்பு:
1. கிழிந்த தோள் பெல்ட், என் தையலோடு.
2. நான் பிரித்தெடுத்த தேதித் துண்டு. (அந்தத் தேதியும் இரண்டு வருடம் முன்பே முடிந்திருக்கிறது. இப்போதுதான் வாசித்துப் பார்த்தேன்.)
3. போட்டோ இரண்டு.
4. கருப்புப் பொத்தான் ஒன்று, நான்கு துளை. சோதனையாளர் கோட்டுக்கு. இதை லஞ்சமாக நினைக்க வேண்டாம். 21ஆம் தேதி ஊசி நூலோடு வருகிறேன். காரைப் பார்த்து முடித்த பிறகு, அவர் சம்மதித்தால், அதை மட்டும் தைத்துக் கொடுக்கிறேன்.