ஆயிஷாவின் டிக்

2006 ஏப்ரல், ஞாயிறு இரவு, ஃபிரிஸ்கோ

என்னப்பா டைரி, சௌக்கியமா? எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இன்று தமிழ்க் குடும்பங்களின் பிக்னிக். வருகிறவர்கள் பெயர் கொடுக்கும் வெப் பக்கம் நான் செய்தது. பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'கடலை ஒத்துக்கொள்ளாது' என்று ஒரு பெட்டி. அங்கே கொடுத்த கடலை மிட்டாய் கோவில்பட்டியிலிருந்து என் மாமியார் சுமந்து வந்தது. கஸ்டம்ஸில் அவர் வாதாடியது தனிக் கதை, இருக்கட்டும். பிக்னிக்குக்கு வந்திருந்த சல்மாவின் கடைக்குட்டி ஆயிஷா, லிஸ்டில் டிக் இல்லாததால் கொடுத்த மிட்டாயை வாய்க்குக் கொண்டுபோனாள். சல்மா ஓடிவந்து பிடுங்கினார்.

"அண்ணே, நான் டிக் பண்ணியிருந்தேனே."

"உங்க பெரிய பையனுக்குல்ல பண்ணியிருக்கீங்க. அவசரத்துல மாத்தி அழுத்திட்டீங்கம்மா," என்றேன், எல்லார் முன்னாலும். அவர் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் நானே மூன்று பெயர் போட்டு, கடைசிப் பெயருக்கு மட்டும் டிக் பண்ணிப் பார்த்தேன். பெயர்கள் மூன்றும் என் லிஸ்டுக்கு வந்தன. டிக் இல்லாத பெட்டிகள் வரவே இல்லை. வந்த ஒரே டிக், முதல் பெயரோடு போய் ஒட்டிக்கொண்டது. பெட்டிகளுக்கு வரிசை எண் கொடுக்காமல் விட்டவன் நான்.

'டெக்னிக்கல் பிராப்ளம்' என்று எல்லாருக்கும் ஈமெயில் எழுதினேன். மனைவி உமா எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அந்த டெக்னிக்கல் பிராப்ளம்? நம்ம வீட்லதான் இருக்காரா?"

அதை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டு அனுப்பினேன். சல்மாவுக்கு ஃபோன் பண்ணத்தான் கை வரவில்லை. நாளைக்குப் பண்ணிக்கொள்ளலாம் என்று எழுதும்போதே உமா கூப்பிடுகிறாள், லைனில் சல்மாவாம். எழுந்து போய் முதலில் நான் மன்னிப்பு கேட்க வேண்டும்.