லத்தீன் வகுப்பின் ஒரே மாணவன்

ஆனைமுகத்து அண்ணலே, நடுங்கும் இக்கைக்குத் துணை நிற்க. நாமகளே, அயல்மொழி பயிலும் முதிய நாவிலும் எழுந்தருள்க.

தை 9
லத்தீன் சான்றிதழ் வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்தோம். இளையோர் எண்மரும் வேலை தேடிக் கடல் கடந்துவிட்டனர். எஞ்சியவன் எழுபத்திரண்டு வயதினனாகிய நான். ஆயினும் ஆசிரியை சத்யபாமா, இங்குள்ள பர்மிய வழக்கப்படி எங்கள் ‘சயாமா’, நாள்தோறும் பதிவேட்டை விரித்து, பெரியவர்க்குரிய ‘ஊ’ சேர்த்து, “ஊ தண்டபாணி?” என்று அழைக்கிறார். நானும் எழுந்து, “உள்ளேன்” என்கிறேன். அதன் பிறகே பாடம்.

தை 10
வேற்றுமை உருபுகளைக் காலைப் பூசையில் பதிகப் பண்ணில் ஓதினேன். மனைவி தனபாக்கியம், “செத்த பாஷையைப் படிச்சு யார்கிட்ட பேசப் போறீங்க?” என்றாள். பேசுவார் இல்லாத மொழியில் வீண்பேச்சும் இராது என்றேன்.
“அப்ப இனிமே வீட்டுல அதையே பேசுங்க.”

தை 24
மாதிரித் தேர்வில் தொண்ணூற்றிரண்டு. சயாமாவின் முகம் வாடிற்று. காரணம் வினவினேன்.
“கடைசித் தேர்வுல ஐயா பாஸாயிட்டா வகுப்புல ஆளே இல்லை. மூடிடுவாங்க. புதுசா யாரும் சேரலை.”
“தோற்றால்?”
“அடுத்த வருஷமும் நீங்க மாணவர்தான்.” உடனே நாவைக் கடித்துக்கொண்டார். “நான் ஒண்ணும் சொல்லலை, ஐயா. நல்லாவே எழுதுங்க.”
தாகேதாப் பேட்டையில் படுக்கையில் கிடக்கும் தம் தாயை இந்த ஊதியத்தால்தான் காக்கிறார்.

தை 25
சரியாக எழுதினால் ஆசிரியையின் வாழ்வு கெடும். அறிந்தே பிழையாக எழுதினால் நாமகள் முன் பொய். யாரைக் கேட்பேன்?
தனபாக்கியத்தைக் கேட்டேன்.
“தப்பா எழுதுங்க. நாற்பது வருஷமா கடைக்குப் போய்த் தப்பான சாமான்தானே வாங்கிட்டு வர்றீங்க? தனியாப் பயிற்சி வேணுமா?”

மாசி 6
இன்றும் முடிவில்லை.

மாசி 14, பிரதோஷம்
தேர்வு. பிழையின்றி எழுதுவது, விளைவை ஈசனிடம் விடுவது என்று துணிந்து அமர்ந்தேன். மொழிபெயர்க்கத் தந்த பகுதி ரோமானியர் வேள்வி. வெள்ளைக் காளையை மாலை சூட்டி அழைத்து வந்தது வரை பழுதின்றி எழுதினேன். பூசகன் கோடரியை ஓங்கினான். பேனா நின்றது. மணி நாலரை. நந்திக்குப் பால் வார்க்கும் வேளையில் அதன் கழுத்தை எந்த மொழியில் நான் வெட்டுவேன்? சரி, அடுத்த வினாவுக்குப் போவோம் என்றால் — அப்பனே! — எஞ்சிய ஏழு வினாவும் அக்காளையின் குடலில் குறி பார்ப்பது பற்றியவை.
விடையெல்லாம் தெரியும். கைதான் மறுத்தது.
கண்காணிப்பாளர் அமீர் அலி தாளைப் புரட்டினார். “என்ன ஐயா, பாதி வெள்ளையா இருக்கே?”
“மீதியிலே உயிர்க்கொலை இருக்கு, பாய்.”
“லத்தீன்லயா?” என்று தாளைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டார்.

பங்குனி 3
முப்பத்தேழு. தேற நாற்பது வேண்டும்.
சயாமா கண்ணீருடன் என் காலில் விழக் குனிந்தார். ஆசிரியர் மாணவன் காலில் விழுவது எந்தச் சாத்திரத்தில் உண்டு? பதறி நானும் குனிந்தேன். இருவர் தலையும் முட்டிக்கொண்டன.
வீட்டில் சர்க்கரைப் பொங்கல். “எங்க வீட்டுக்காரர் ஃபெயில்!” என்று சொல்லித் தெருவெல்லாம் கொடுத்தாள் தனபாக்கியம்.

பங்குனி 20
மறுசேர்க்கைப் படிவம் தந்தனர். பாதுகாவலர் கையொப்பம் கேட்டிருந்தது, மனைவி இட்டாள். ‘மாணவரின் நடத்தை’ என்ற இடத்தில், ‘சுமார்’ என்றும் எழுதினாள்.
ஈசனே, என்னைப் பொய்யனாக்காமல் மக்காக்கிக் காத்தாய். இந்த ஏட்டை என்றேனும் பிரிப்பவர் நலம் பெறுக. அவர் இல்லத்தில் நோயின்றி, தேறியவரும் தேறாதவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்க.