நித்தியிடம் இல்லாத ஒன்று

எப்போதும் என்னை முந்திக்கொண்டே போன என் வசந்திக்கு,

உன் மூன்றாம் ஆண்டு நினைவுக்குக் கனடாவில் உன் அண்ணாமார் ஒரு சிறு மலர் அச்சிடப் போகிறார்களாம். "ஆசிரியர் கலாசாலையில அவாவோட ஒரே அறையில இருந்தது நீங்கள்தானே, ரண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் நினைத்திருக்கும் இரண்டு பக்கம் இதுவாக இருக்காது. வாசித்த பிறகு அச்சிடுவதா விடுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. தர்மபுரத்தில் நீ கடைசியாகக் காய்ச்சலில் கிடந்த அதே வீட்டில்தான் இருக்கிறோம். முன்பக்கம் மட்டும் புதுக் கிடுகு போட்டு வேய்ந்திருக்கிறது. கண்டாவளை வயலில் இந்த முறை அறுவடை மோசமில்லை. உன் மகள் நித்திக்குப் போன வெள்ளிக்கிழமை ஒன்பது வயது முடிந்தது. உன்னைப் போலவே நெடுநெடுவென்று வளர்கிறாள்.

உன் அவரை நான் கல்யாணம் செய்து எட்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், இப்படி ஊரறியச் சொல்ல வேண்டி வந்ததற்கு மன்னித்துக்கொள். பிள்ளைக்காகச் செய்தது என்று எல்லாரும் சொன்னார்கள். பிள்ளைக்காக மட்டும்தானா என்று நீ கேட்பாய். நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தி எதற்காக எதைச் செய்கிறாள் என்று அவளுக்கே முழுதாகத் தெரியுமா?

இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்கிறது, ஆனால் இடைவெளி இல்லை. குசினியில் எந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் அடியில் உன் பெயர் வெட்டியிருக்கிறது. நான் கறி வைத்தால் உன் அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். பிறகு, "வசந்தி இதுக்குக் கொஞ்சம் பெருஞ்சீரகம் போடுறவா" என்பார். குறையாகச் சொல்வதில்லை, ஞாபகமாகத்தான் சொல்கிறார். அதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது.

நித்தி என்னை வீட்டிலும் ரீச்சர் என்றே கூப்பிடுகிறாள். அவளுடைய வகுப்புக்கு நான்தானே படிப்பிக்கிறேன். "சின்னம்மா எண்டு சொல்லு பிள்ளை" என்று தகப்பன் இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தார். "எனக்கு மறந்து மறந்து போகுதப்பா" என்றாள். வாய்ப்பாடு முழுவதையும் மறக்காத பிள்ளை.

நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு வந்த முதல் பிறந்தநாள் இது. என் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும், அதைப் பார்த்து அவள் முகம் மலர வேண்டும் என்று ஒரு மாதமாக யோசித்தேன். ஆனால் எதைக் கொடுப்பது? என் வகுப்பில் ஒரு பென்சிலை மூன்றாக வெட்டி மூன்று பேர் எழுதுகிறார்கள். உன் மகளிடம் பெயர் தெரியாத நிறங்களெல்லாம் அடங்கிய ஒரு பெட்டி இருக்கிறது. பாட்டுப் படிக்கும் பொம்மை இருக்கிறது. பற்றரியை இராணுவச் சோதனைச் சாவடியில் கழற்றிவிட்டதால் அது வாயைத் திறந்தபடி சும்மா இருக்கிறது. மிதித்தால் வெளிச்சம் வரும் சப்பாத்தும் இருக்கிறது. ஒன்றின் குதியை அங்கே வெட்டிப் பார்த்துவிட்டார்கள். அதனால் ஒரு காலில் மட்டும் மின்னிக்கொண்டு திரிகிறாள். எல்லாம் உன் அண்ணாமார் அனுப்பியவை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போனேன். கடைக்காரப் பவளக்காவை உனக்குத் தெரியும். அவாவுக்கு நாக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

"ஆருக்கு ரீச்சர், வசந்தீன்ர பிள்ளைக்கோ?"

"ஓம் அக்கா. பிறந்தநாள் வருது."

"அந்தப் பிள்ளைக்குக் கனடாவே வீட்டுக்கு வந்து கிடக்குது. நீங்கள் இஞ்ச நிண்டு என்னத்தைத் தேடுறியள்?"

"ஏதாவது இருக்கும்தானே."

"இருக்கும், இருக்கும். நேற்றுத்தான் விளக்குமாறு வந்தது. கனடாவில இருந்து அது வந்திராது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேலே பார்த்தபோது, தொங்கவிட்ட சாமான்களுக்கிடையில் சின்ன மஞ்சள் பூப்போட்ட குடை ஒன்று தெரிந்தது. சிறுபிள்ளைகள் பிடிக்கிற அளவு. நித்தி பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் நடந்து வருகிறாள், அவளிடம் குடை இல்லை. கடவுள் எனக்கென்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்து வாங்கினேன்.

பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. வவுனியாவுக்குப் பாஸ் எடுத்துப் போய்வந்த ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து என் கையில் தந்தார். வழியில் காட்டுவதற்காக, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. சட்டை இரண்டு. புத்தகப் பை ஒன்று. சொக்கிலேற். கடைசி வரியில், குடை ஒன்று.

அந்த வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. கனடாவில் இருக்கிற மனிதருக்கு இங்கே வெயிலடிப்பது எப்படித் தெரிந்தது? அவர்கள் மேல் வந்த கோபம் எப்படி உன் மேல் திரும்பியது என்று கேட்காதே. செத்த பிறகும் நீதான் முதலாவதாக வருகிறாய் என்று நினைத்தேன். பெட்டியைப் பள்ளிக்கூட அலுமாரிக்குள் வைத்து, முன்னால் பழைய வரவு இடாப்புகளை அடுக்கி, பூட்டினேன். ஒரு கிழமை கழித்துக் கொடுத்தால் போயிற்று. இந்த ஒரு பிறந்தநாள் மட்டும் எனக்கு இருக்கட்டும்.

"மாமாமாரின்ர பார்சல் இன்னும் வரேல்லையோ ரீச்சர்?" என்று நித்தி தினமும் கேட்டாள்.

"பாதை பூட்டாக்கும்" என்றேன்.

அவள் உடனே நம்பினாள். தகப்பனும் நம்பினார். இந்த மண்ணில் எது வராவிட்டாலும் பாதையின் தலையில் போடலாம், யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். எனக்கு அது வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வசதியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்தோம். சட்டிக்கு மேலும் கீழும் நெருப்புப் போட்டு ரவையில் கேக் செய்தேன். குடையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தாள், மடக்கினாள். "தாங்ஸ் ரீச்சர்" என்றாள். பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் சொல்வார்களே, அந்த மாதிரி. பிறகு வாசல் படலையடிக்குப் போய், பார்சல் வரும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குள் ஒரு குரல், பார்த்தாயா, இவ்வளவு இருந்தும் இன்னும் சாமானுக்குத்தானே நிற்கிறாள் என்றது. அந்தக் குரலும் என்னுடையதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

பொழுதுபடும் நேரம் தகப்பனின் மடியில் தலை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, பார்சல் துலைஞ்சிருந்தா படமும் துலைஞ்சிருக்குமோ?"

"என்ன படம்?" என்று கேட்டது நான்.

"அம்மான்ர படம் ரீச்சர். மாமாமார் பிறந்தநாளுக்கு ஒவ்வொண்டு வைச்சு அனுப்புறவை. ரண்டு கிடக்குது. இது மூண்டாவது."

நீங்கள் விட்டு ஓடிவந்த கிளிநொச்சி வீட்டோடு உங்கள் அல்பமும் போனது எனக்குத் தெரியும். ஆனால் வேறு பிரதிகள் உன் அண்ணாமாரிடம் இருந்ததும், அவர்கள் ஆண்டுக்கு ஒன்றாக உன்னை அனுப்பிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது. பட்டியலில் அதை எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒளித்திருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய ஆசைதான். செய்யமாட்டேன்.

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து நித்திக்கு முன்னால் வைத்தேன். வரும் வழியில் ஒரு பொய்யையும் தயாரித்திருந்தேன். இன்றைக்குத்தான் வந்தது என்று. பெட்டியைப் பார்த்ததும் அவள் கட்டிப்பிடித்த விதத்தில் அந்தப் பொய் வாய்க்கு வரவில்லை.

"இது திங்கட்கிழமையே வந்திட்டுது. நான்தான் ஒளிச்சு வைச்சனான்."

நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் ரீச்சர்?"

"எனக்கு எரிச்சல்."

"ஆரில?"

"மாமாமாரில. பிறகு, உன்ர அம்மாவில."

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நான் கரும்பலகையில் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டதைக் கண்டுபிடித்தவள் போலப் பார்த்தாள். "பெரிய ஆக்களுக்கும் வருமோ?" என்றாள்.

"பெரிய ஆக்களுக்குத்தான் கூட வரும்."

பெட்டியை அவிழ்த்தாள். குடையை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள், சட்டையை எடுத்து வைத்தாள். கடித உறைக்குள் நீ இருந்தாய். பதினேழு வயது, இரண்டு பின்னல், கையில் பேச்சுப் போட்டியில் வென்ற கிண்ணம். அப்போதும் முதலாவது. படத்தைக் கனநேரம் பார்த்தாள். பிறகு மாமாவின் கடிதத்தை வாசித்தாள். "உன்ர அம்மா தங்கம். ஒருநாளும் ஒரு பிழை செய்து நாங்கள் கண்டதில்லை. நீயும் அப்படி இருக்கவேணும்." வாசித்து முடித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம்."

"உண்மைதானே பிள்ளை."

"நீங்களும் சொல்லுறனீங்கள். எழுத்து வடிவில்லையெண்டா, உன்ர அம்மா முத்து முத்தா எழுதுவா எண்டு." சற்று நேரம் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "அம்மா ஒரு பிழையும் விடேல்லையோ ரீச்சர்? ஒண்டுகூடவோ?"

வசந்தி, எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளையிடம் இல்லாத பொருளைத் தேடி நான் புதுக்குடியிருப்பு வரை சைக்கிள் ஓடியிருக்கிறேன். உன் நல்ல குணங்கள் அவளிடம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன, ஒவ்வொரு ஆண்டும் மேலும் வருகின்றன. உன் குறை ஒன்றுகூட அவளிடம் இல்லை. அதை அனுப்ப யாருக்கும் மனம் வராது. அன்பாக இருந்தவர்கள் மறந்துவிட்டார்கள். உன் மேல் இருபது ஆண்டு எரிந்துகொண்டிருந்த ஒருத்திதான் ஒன்றையும் மறக்காமல் வைத்திருக்கிறாள்.

"உன்ர அம்மா முறுக்குக் கள்ளி" என்றேன்.

நித்தியின் கண் விரிந்தது.

சொன்னேன். கலாசாலை விடுதிக்கு என் அம்மா ஒரு தகரப் பேணி நிறைய முறுக்குச் சுட்டு அனுப்பியதை. நான் சினேகிதிகளுக்குப் பங்கிட வைத்திருந்ததை. குளித்துவிட்டு வந்து திறந்து பார்க்கும்போது பேணியின் அடி தெரிந்ததை. நீயும் என்னோடு சேர்ந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடியதை. "பூனைதான் சறோ, நான் சத்தம் கேட்டனான்" என்று பாவம் அந்தப் பூனையின் மேல் பழி போட்டதை. இரவு ஜெபத்தில் நிற்பவளைப் போல முகத்தை வைத்திருந்ததை.

"எத்தினை முறுக்கு?"

"எட்டு."

"எட்டு! பிறகு எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"பூனைக்குப் பேணி மூடத் தெரியாது. மூடி இறுக்கி மூடியிருந்தது."

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல், பாயில் உருண்டு சிரித்தாள். எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியதும் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள். "ரீச்சர், போன மாசம் பள்ளிக்கூடத்தில உங்கட சோக்குப் பெட்டியில மூண்டு குறைஞ்சதெல்லே? அது நான்."

"நான் வகுப்பில சுதனையெல்லே கள்ளன் எண்டு பேசினனான்."

"ஓம். நான் பேசாமல் இருந்திட்டன்." படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நானும் அம்மா மாதிரித்தான்."

திங்கட்கிழமை சுதனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் ஓம் என்றாள், சொல்லியும் விட்டாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற உன் அவர், "இந்த முறுக்குக் கதையை எனக்கு வசந்தி ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல். உனக்கு உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. அவரிடம் இல்லாத ஒரு வசந்தி என்னிடம் இருக்கிறாள்.

எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. திங்கட்கிழமை நித்தி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனது மாமாமாரின் குடையைத்தான். என்னுடையது ஆணியில் தொங்குகிறது. பார்க்கும்போது எரிகிறது. எரியட்டும். உன் படத்தை அவளே நான் குந்தியிருந்து கொப்பி திருத்துகிற இடத்துக்கு நேரே ஒட்டியிருக்கிறாள். கிண்ணத்தோடு நின்று என்னைப் பார்க்கிறாய்.

உன் அண்ணாமாருக்கு ஒரு வார்த்தை: பார்சலை ஒளித்தது பிழைதான், நீங்கள் படங்களை நிறுத்திவிடாதீர்கள். நல்லதை நீங்கள் அனுப்புங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு. இனி ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உன் பிழை ஒன்றை நித்திக்குக் கொடுப்பேன். பத்தாவது வயதுக்கு எதை வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், கற்பித்தல் சோதனை அன்று நீ செய்த வேலை. அவளும் இந்த மலரை வாசிப்பாள், ஆகவே இங்கே எழுதவில்லை. அவள் கல்யாணம் முடிக்கும்வரை போதுமான அளவு என்னிடம் இருக்கிறது. ஆனால் அளவு தப்பாது, வசந்தி. எரிச்சலில் எட்டு முறுக்கைப் பத்தாக்கமாட்டேன். நீ செத்துப்போனாய் என்பதற்காக ஏழாக்கவும் மாட்டேன்.

உன் பெயர் வெட்டிய பாத்திரத்தில் உலை வைத்துக்கொண்டு,
உன் சக்களத்தி,
சறோ