ரிப்போர்ட்டில் இருக்கிற சுமதி

ஏப்ரல் 6
புனேயில் எங்கள் ஔந்த் பக்கம் கொதிக்கிறது. தைராய்டு ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். 0.08. இது குறைந்தால் மாத்திரை கூடுதல் என்று அர்த்தமாம். உடம்பு தறிகெட்டு ஓடுகிறதாம். 125 மைக்ரோகிராம் மாத்திரையை 100 ஆக்கினார் டாக்டர். ஓடுகிற உடம்பா இது? துணி எடுக்கவே இரண்டு தடவை உட்கார்ந்தேன். பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, புண்ணியவான்.
முடி கொத்துக் கொத்தாக. நாத்தனார் சொன்ன முடி மாத்திரை தினம் ஒன்று, பொங்கலிலிருந்து.

ஏப்ரல் 29
வெளியே நாற்பது டிகிரி. எனக்கு ஸ்வெட்டர். சாகண் ஃபேக்டரி வேலையிலிருந்து வந்த இவர், "ஏங்கண்ணு, ஃபேன்கூடப் போடலியா?" என்று கையைத் தொட்டார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.
வாங்க: ரவை, கொத்தமல்லி, முடி மாத்திரை (இனி தினம் இரண்டு).

மே 14
குரல் கட்டை. சளி இல்லை. பார்சல்காரன் போனில் என்னை "பையா" என்கிறான், அண்ணனாம். சாயங்காலம் மகள், சென்னை ஹாஸ்டலிலிருந்து.
"அப்பா, அம்மாகிட்டக் குடுங்க."
"நாந்தான்டி."
"விளையாடாதீங்கப்பா."
சத்தியம் பண்ண வேண்டியதாயிற்று. பயமாக இருக்கிறது.

மே 18
டி.எஸ்.எச். 0.03. இன்னும் வேகமாம். இனி 75.
ரிப்போர்ட்டில் ஒருத்தி பரபரவென்று ஓடிக்கொண்டிருக்கிறாள். என் பெயர், என் வயது, என் ரத்தம். நான் இங்கே போர்வைக்குள். யார் அவள்?

ஜூன் 22
மழை. முகம் உப்பி, வளையல் கழலவில்லை. திங்கட்கிழமை அதுவுமாக இவர் திடீரென்று லீவு போட்டு வேறு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். என்ன அவசரம் என்றால், "செருப்பப் போடு கண்ணு" என்றார்.
அந்தம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டுக் குதிகாலுக்கு மேல் சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் துள்ளியது, திரும்பி வர நேரமாயிற்று. யாரோ பிடித்து மெல்ல இறக்கிவிட்ட மாதிரி. நாடி 48. வேறென்ன மாத்திரை என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். முடி மாத்திரையிலுள்ள பயோட்டின், ரத்தப் பரிசோதனையைப் பொய் சொல்ல வைக்குமாம்.
அட கடவுளே! பொய் ரிப்போர்ட்டால் டோஸ் குறைய, டோஸ் குறைந்ததால் முடி கொட்ட, முடி கொட்டியதால் நான் இன்னொன்று விழுங்க.
முடி மாத்திரையை மூன்று நாள் நிறுத்தி, மறுபடி ரத்தம்.

ஜூன் 26
டி.எஸ்.எச். 71. இதுதான் நிஜம். மாத்திரை போதவே இல்லை. மறுபடி 100, பிறகு 125.
தூங்கினால் எழுப்ப முடிகிறதா என்று டாக்டரம்மா இவரிடம் கேட்டார். இவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். போன ஞாயிறு மத்தியானம் பத்து நிமிஷம் உலுக்கினாராம். மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம். பக்கத்து வீட்டைக் கூப்பிடக் கிளம்பும்போதுதான் கண் திறந்தேனாம்.
ஆட்டோவில், "உங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு கண்ணு" என்றார்.
எனக்கு அந்த ஞாயிறே நினைவில் இல்லை.