அமைச்சர் வந்தபோது கேட்ட சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

நாற்காலியை மாற்றிக் கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டு, இன்று ஒன்று வந்தது. இதிலும் முதுகு வலிக்கிறது. புது இடத்தில் வலிக்கிறது, அவ்வளவுதான்.

மாலையில் காலிறுதி ஆட்டம். பக்கத்து மேஜைப் பெண்கள் இருவரும் வர்ணனையைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்து, காது கேளாதவர்களுக்காக, டிவித் திரையின் அடியில் ஓடும். எங்கள் சேனலில் அதை யாரும் அணைக்க முடியாது, எல்லா வீட்டிலும் ஓடும். பேச்சு அவர்களுடையது. பேச்சல்லாத சத்தமெல்லாம் என்னுடையது. பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. காதில் ஹெட்போன், முன்னால் ஒன்பது விசைகள். முதலாவதை அமுக்கினால் [கரவொலி]. இரண்டாவது [ஆரவாரம்]. மூன்றாவது [விசில்]. நான்காவது [எதிர்ப்புக் கூச்சல்]. இப்படியே போய் ஒன்பதாவது [ஒலி தடைப்பட்டுள்ளது]. மைதானத்து லைன் அறுந்தால் அமுக்குவதற்கு.

வீட்டுக்கு வந்தால் தங்கை சண்டைக்குத் தயாராக இருந்தாள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பகலெல்லாம் யாருடைய பல்லையோ உரசிவிட்டு, மாலையில் கால்பந்து பார்க்க உட்கார்ந்துவிடுவாள். "கோல் விழுந்தாலும் ஆரவாரம், பந்து வெளிய போனாலும் ஆரவாரமா? கொஞ்சம் யோசிச்சுப் போடுக்கா" என்றாள் கையால். அவள் கை பேசும்போது பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிட வேண்டும்.

மார்ச் 7, சனி

அரையிறுதி. இடைவேளையில் விளையாட்டு அமைச்சர் மைதானத்துக்குள் வந்து கையசைத்தார். பள்ளிக்கூடங்களின் விளையாட்டுத் திடல்களை எல்லாம் கட்டடம் கட்டுகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தவர். கூட்டம் சும்மா இருக்குமா? ஹெட்போன் அதிர்ந்தது. இரண்டு விநாடிக்குள் ஒலிக்காரர் மைதானத்துச் சத்தத்தைக் கீழே இறக்கிவிட்டார். அதற்குள் என் விரல் நான்காவதை அமுக்கிவிட்டது. யோசித்தெல்லாம் அமுக்கவில்லை. கேட்டது, அமுக்கினேன்.

திரையில் அமைச்சர் சிரித்தபடி கையசைக்கிறார். சத்தமே இல்லை. கீழே [எதிர்ப்புக் கூச்சல்]. எட்டு விநாடி நின்றது.

பக்கத்துப் பெண் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எதை அமுக்கினேன் என்று எனக்கு உறைத்தது.

மார்ச் 8, ஞாயிறு

யாரோ முடிதிருத்தும் கடையில் ஓடிய டிவியைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அமைச்சரின் சிரிப்பு, கீழே என் இரண்டு வார்த்தை. மதியத்துக்குள் எல்லோர் போனிலும் அதுதான். தங்கை தன் தோழிகளுக்கு "எங்க அக்கா போட்டது" என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். அழிக்கச் சொன்னேன். "ஏன், பொய்யா?" என்று கேட்டாள்.

மார்ச் 9, திங்கள்

பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இஸ்திரி. சட்டை கசங்கி யாரும் பார்த்ததில்லை. இன்று கசங்கியிருந்தது. மேஜையில் இரண்டு பத்திரிகைகள். ஒன்றில் 'அமைச்சருக்கு உற்சாக வரவேற்பு'. இன்னொன்றில் 'அமைச்சரை விரட்டிய கூச்சல்'. ஒரே மைதானம், அதே ஐந்து நிமிடம்.

"ரெஃப்ரீயைப் பாத்துக் கத்தினாங்கன்னு சொல்லிடலாமா?" என்றார்.

"ரெஃப்ரீ அப்ப உள்ள ரூம்ல இருந்தாரு சார்."

நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி. ரெண்டாவது கீயை அமுக்கப் போய், விரல் தவறி நாலாவதுல பட்டுடுச்சு. அப்படி ஒரு வரி எழுதிக் குடுங்க. மாசக் கடைசில உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். நான் மேல பேசணும்ல?"

இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் மூன்று என்று ஒன்று இருக்கிறதே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் மிரட்டியிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். கெஞ்சினார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மார்ச் 10, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

ஒரு வரிதானே? ஒரு வரியால் யார் குடி முழுகப்போகிறது? நாற்பத்துநாலு வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பேன்? சத்தத்தை எழுதத் தெரியும் என்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லுவேன். நாளைக்கு.

மார்ச் 12, வியாழன்

நாளைக்கு என்று தள்ளிப் போட்டது தப்பு. சேனல் இன்று காலையிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. 'ஊழியர் ஒருவரின் விரல் தவறியதால் நேர்ந்த பிழை. நேயர்களிடம் வருந்துகிறோம்.' எல்லாப் பத்திரிகையின் இணையப் பக்கத்திலும் வந்திருக்கிறது.

தங்கை பல் கூடத்து வேலையிலிருந்து வந்த வேகத்தில், கையைக்கூடக் கழுவாமல், போனை என் முன்னால் வைத்தாள். விரலெல்லாம் வெள்ளை மாவு.

"விரல் தவறிச்சா?"

"இல்ல. அப்படி எழுதித் தரச் சொன்னாங்க."

"நீ எழுதினியா?"

"எழுதினேன்."

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பதினோரு வருசமா நீ போட்டதை வச்சுத்தான் எனக்கு மைதானமே. அதுல எது நிஜம், எது இஸ்திரி சொன்னது?"

எல்லாம் நிஜம்டி, அன்னிக்குப் போட்டதும் நிஜம், நான் எழுதிக் குடுத்த கடுதாசிதான் பொய் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது. அவள் பார்க்கவில்லை என்றால் நான் ஊமை.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் பார்க்கவில்லை. பூட்டுச் சாவி எங்கே என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல்லயா சாவி இருக்கு? எத்தனை நாளைக்குடி இப்படி? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

மார்ச் 14, சனி

காலையில் டெக்னீஷியன் வந்து என் விசைப்பலகையில் ஏதோ மாற்றினார். "நாலாவது கீயிலயும் இனிமே ஆரவாரம்னுதான் வரும் மேடம். விரல் தவறினாலும் கவலை இல்ல" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே எனக்கு உதவி செய்ததாக நினைக்கிறார்.

நாளை இறுதி ஆட்டம். கோப்பையைக் கொடுக்கப் போவதும் அந்த அமைச்சர்தான். "அவர் மேடை ஏறினதும் முதல் கீ. கரவொலி. நான் பின்னாலயே நிக்கிறேன், பயப்படாதீங்க" என்கிறார் இஸ்திரி. அவர் பின்னால் நிற்பதை நினைத்தாலே இப்போதே கழுத்து வியர்க்கிறது.

தங்கையின் தோழிகள் ஆறு பேர் ஆட்டம் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். ஒருத்திக்கும் காது கேட்காது. அமுக்கினால் தங்கையோடு சேர்த்து ஏழு பேருக்கும் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னவள் ஆவேன். அமுக்காவிட்டால் வேலை போகும். வேலை போனால் வேறு வேலை தேடலாம். வேறு தங்கையை எங்கே தேடுவது? — சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போது இந்த வாய் இருக்குமா?

மார்ச் 15, ஞாயிறு

காலை: சட்டைப் பொத்தானை இரண்டு தடவை மாற்றிப் போட்டேன்.

மாலை: நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லிவிடாமல் இருக்க.

ஆட்டம் முடிந்தது. அமைச்சர் மேடைப் படியேறினார். ஹெட்போனில் கூச்சல், போன வாரத்தைவிட இரண்டு மடங்கு. ஒலிக்காரர் சத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிட்டார். வர்ணனையாளர்களும் வாயடைத்துப் போனார்கள். காதில் ஒன்றுமே இல்லை. திரையில் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, கட்டைவிரலைக் கீழே காட்டுகிறது.

"முதல் கீ" என்றார் இஸ்திரி. "அமுக்குங்கம்மா."

நான் கேட்பதைத்தானே எழுத வேண்டும்? எனக்கு என்ன கேட்கிறது? கரவொலி கேட்கவில்லை. கூச்சலும் இப்போது கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாவதை அமுக்கினேன். [ஒலி தடைப்பட்டுள்ளது].

"எடுங்க, அதை எடுங்க" என்று என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினார். அந்த எழுத்தை என்னால் எடுக்க முடியாது. ஒலி திரும்பி வந்தால்தான் தானாகப் போகும். போனில் ஒலிக்காரரிடம் கத்தினார். அவர் பதறிப்போய்ச் சத்தத்தை மேலே ஏற்றினார். அமைச்சர் இன்னும் மேடையில்தான் நின்றிருந்தார். கூச்சல் ஓயவே இல்லை.

அதற்குள் பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் டிவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளத்துக் காவலாளியும் கூட்டியிருக்கிறார். அவர் அறை டிவியிலிருந்து கிளம்பிய கூச்சல் மாடிப்படி ஏறி எங்கள் அறைக்கே வந்தது. இஸ்திரி கதவைச் சாத்தினார்.

இது வீரம் ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதும் பேனா வழுக்குகிறது. வீட்டுக்கு வந்தபோது தோழிகள் கிளம்பிப் போய்விட்டார்கள். தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவினாள்.

மார்ச் 16, திங்கள்

எங்கே போனாலும் இதே பேச்சு. பேருந்தில் ஒருவர், கூட்டி வைத்த டிவி திடீரென்று அலறியதில் தன் மாமனார் பயந்துபோய் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் முகத்தைத் தாழ்த்திக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

மெமோ வரும் வரும் என்று மூன்று நாளாகச் செத்துப் பிழைக்கிறேன். இன்று இஸ்திரியிடம் நானே கேட்டுவிட்டேன்.

"மெமோல என்னன்னு எழுதுறது? சத்தம் இருந்துச்சு, நாங்கதான் இறக்கினோம்னா? யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க." பிறகு மென்று முழுங்கினார். "ஒப்பந்தத்தைப் பத்தி... பாப்போம்மா."

பாப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 31, செவ்வாய்

அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து மேஜைப் பெண்கள் வாசல்வரை வந்தார்கள்.

தங்கையிடம் சொன்னேன். என்ன அமுக்கினேன், ஏன் அமுக்கினேன், அதற்கு முன்னால் ஏன் அந்தக் கடுதாசியை எழுதினேன், எவ்வளவு பயந்தேன், எல்லாவற்றையும். இந்தத் தடவை கடைசிவரை பார்த்தாள். நம்பினாளா? தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஏப்ரல் 11, சனி

செவிலியர் பயிற்சிப் பாடங்களுக்கு எழுத்துப் போடும் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு நாளாக [இருமல்], [மூச்சிரைப்பு].

மாலையில் ஆட்டம். என் விசைகளுக்கு முன்னால் இப்போது வேறு யாரோ. அமைச்சர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கீழே [கரவொலி] என்று வந்தது. தங்கை அதைப் பார்த்தாள். எழுந்து போய்க் குளியல் துண்டை எடுத்துவந்து, எழுத்து ஓடும் இடம் மறையும்படி டிவியின் அடியில் ஒட்டுப்பசை நாடாவால் ஒட்டினாள். தன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு. என்ன கேக்குது?"

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கைதட்டல்தான். ஆனால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்தில் தட்டுகிறார்களா, எங்கேயோ பதிவு செய்ததைப் போடுகிறார்களா?

"கைதட்டல் கேக்குது. நிஜமான்னு எனக்குத் தெரியல" என்றேன்.

என் கை நிற்கும்வரை பார்த்தாள். "சரி. மேல சொல்லு."

சொன்னேன். விசில். கம்பத்தில் பந்து பட்ட சத்தம். பின்வரிசையில் ஏதோ குழந்தை அழுதது. ஆட்டம் முடியும்வரை கையால் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது இரண்டு தோளும் வலிக்கிறது.