இளவட்டக்கல்லுக்குள் வெடிமருந்து

5.12.1977
ஒன்பதாம் வகுப்புக்கு இன்று பீரங்கிப் பாடம். புத்தகத்தில் ஒரே வரிதான். நான் விடுவேனா? ஆதியில் கெட்டி இரும்பு உருண்டை. சுவரில் மோதும், விழும், அவ்வளவுதான். பிறகு எவனோ உருண்டையைக் குடைவாக வார்த்து, உள்ளே வெடிமருந்தை அடைத்து, துளையில் மரக்குழாய் செருகி, குழாய்க்குள் மெல்ல எரியும் திரியை வைத்தான். குண்டு விழுவதும் திரி எரிந்து முடிவதும் ஒன்றாக நடக்க வேண்டும். திரி குட்டையானால் வானத்திலேயே வெடிக்கும். நீளமானால் எதிரி ஓடி வந்து தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவான். பையன்கள் மணி அடித்தும் எழவில்லை!

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் பால் சொசைட்டி வாசலில், அங்கே பால் அளக்கும் மலர்க்கொடி. நிறைந்த கேனை இடுப்பில் ஒரு முட்டுக் கொடுத்து லாரியில் ஏற்றுகிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "என்ன சார், ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்றாள். பிடித்திருந்தால் நான்தான் விழுந்திருப்பேன்.

18.12.1977
எனக்காகப் பெண் கேட்கப் போனான் மதார். என் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார், லெப்பைக்குடிகாட்டுக்காரன், பேச்சில் யாரையும் மடக்குவான். மலரின் அப்பா கருப்பண்ணன் அவனையே மடக்கி அனுப்பிவிட்டார்.

"அரங்கநாதன் சாரு தங்கமானவரு. ஆனா எங்கூரு மாப்பிள்ளைன்னா காணும் பொங்கலன்னைக்கு இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால போடணும். நானும் போட்டுட்டுத்தான் அம்மாக்கண்ணைக் கட்டுனேன்."

மதார் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்தான் காப்பாத்தணும்" என்றான். பாவி!

19.12.1977
மலர் என் செம்பில் அளவுக்கு மேல் பால் ஊற்றினாள். "குடிங்க சார். பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கு." ஆக, அவளுக்கும் சம்மதம்! ராத்திரிச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

26.12.1977
விடிவதற்குள் ஊர் மந்தைக்குப் போய் இளவட்டக்கல்லைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கோபத்தில் ஒரு உதை விட்டேன். கால் வீங்கியதுதான் மிச்சம். ஆனால் ணங்கென்று ஒரு சத்தம் — கல்லை உதைத்தால் இப்படியா கேட்கும்?

வருஷா வருஷம் தாரும் மஞ்சளும் பூசிப் பூசி மேலே ஒரு தடித்த தோல். பேனாக்கத்தியால் சுரண்டினேன். இரும்பு. உச்சியில் அரக்கு வைத்து அடைத்த ஒரு துளை. அரக்குக்கு அடியில் மரம்.

இது கல்லே இல்லை, குடைவாக வார்த்த பீரங்கிக் குண்டு! ரஞ்சன்குடிக் கோட்டை கூப்பிடு தூரம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் நவாபுகளுக்காக அடித்துக்கொண்ட இடம். அரியலூர்ப் பக்கமெல்லாம் மண்ணைக் கிளறினால் உருண்டைக் கல் வரும், கல்முட்டை என்பார்கள். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். அடக் கடவுளே, தூக்குவதற்கு முன்னால் அந்த உச்சியில்தானே கற்பூரம் ஏற்றுகிறார்கள்!

29.12.1977
சொன்னால் என்ன சொல்வார்கள்? "தூக்க வக்கில்லாத வாத்தியாரு கதை விடுறாரு." மலரும் அப்படி நினைத்துவிட்டால்? சொல்லாமல் விட்டால்? இத்தனை வருஷம் வெடிக்காதது இனி வெடிக்கவா போகிறது?

கோழை. கோழை. கோழை.

2.1.1978
பொங்கலுக்குப் புதுத் தார் பூசுவதற்காக, பழைய தார்த்தோலை எரித்து எடுக்கக் கல்லை அய்யம்பெருமாள் ஆசாரி உலையில் காய்ச்சப் போகிறார்களாம்! டீக்கடையில் கேட்டதும் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள். உலை தகதகவென்று. எனக்கு வாய் குழறிவிட்டது. "வெடிகுண்டுங்க அது! உள்ள மருந்து இருக்கு!"

ஒரே சிரிப்பு. கருப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க சார். எங்கூரு கல்லு மேல பழி போடாதீங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம். போய்க் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "மொதல்ல என்னைத் தூக்கி உலையில வைங்க. அப்புறம் இதை வைங்க." ஆசாரி நிஜமாகவே என் அக்குளில் கை கொடுத்தார்!

அப்போது மலர் கேனோடு வந்தாள். கேனில் தண்ணீர். "சாரு சொல்றது பொய்யாவே இருக்கட்டும். தண்ணி ஊத்துனா கல்லு என்ன கரைஞ்சா போயிடும்?" ஊற ஊற ஊற்றினாள். ஆசாரி அரக்கைச் சுரண்டி மர ஆப்பைப் பிடுங்கியதும் துளைக்குள்ளும் ஊற்றினாள், கறுப்புச் சேறு வழிந்தது.

4.1.1978
காய்ந்த சேற்றில் ஒரு சிட்டிகையைக் கருப்பண்ணன் தானே உலையில் போட்டார், "சும்மா கரித்தூளு" என்று சொல்லிக்கொண்டே. புஸ்ஸ்ஸ்! மீசை ஒரு பக்கம் காலி. பிறகு என் தோளில் கை வைத்து, "நானு இதைத் தூக்கிப் போட்டப்ப அம்மாக்கண்ணு பக்கத்துலதான் நின்னா சார்" என்றார். கண் கலங்கியிருந்தது.

ஆனால் நிபந்தனை நிபந்தனைதானாம். கழுவிக் காயவைத்துக் கல்லைத் திரும்ப மந்தையில் வைத்துவிட்டார்கள். மருந்து போனதில் கனம் கொஞ்சமாவது குறைந்திருக்காதா?

16.1.1978
குறையவில்லை.

முழங்கால் வரைதான் வந்தது. தொப்பென்று விட்டேன். ஊரே ஓவென்று கத்தியது. மதார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு.

"நல்ல மனுசன்தான் சார் நீங்க. ஆனா ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்கே" என்று கருப்பண்ணன் ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலர் வந்தாள். சேலையை வரிந்து கட்டினாள். பால் கேனைத் தூக்குவது போலவே இடுப்பில் ஒரு முட்டு, அப்புறம் மார்பு, அப்புறம் தோள் — கல் பின்னால் போய் விழுந்து மண்ணில் புதைந்தது.

"அப்பா, கட்டிக்கப் போறவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேருல ஒருத்தர் தூக்கியாச்சு. போதாதா?"

முதலில் சிரித்தது அம்மாக்கண்ணு அம்மாதான். "நீங்க தூக்குனப்ப நானும் தூக்கிப் பாத்திருக்கலாம் போலிருக்கே!" கருப்பண்ணன் மிச்சம் இருந்த மீசையைத் தடவினார். தடவிக்கொண்டே சிரித்துவிட்டார்.

எழுத வரவில்லை. மலர், மலர், மலர்.

26.5.1978
கல்யாணம். செட்டிகுளம் மலைக் கோயிலில். எழுத நேரமில்லை!

16.1.1979
மலருக்கு ஏழாம் மாசம். கல் பக்கமே போகக்கூடாது என்று மாமா கருப்பண்ணன் கட்டளை. நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார். இந்த வருஷம் வரிசையில் பொண்ணுங்களும். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியின் தங்கை தூக்கிப் போட்டதும், நியாயம் கேட்பது போல மாமாவையே எல்லாரும் பார்த்தார்கள். "போட்டா போட்டதுதான்" என்றார் மாமா.

கடைசியாக நானும் இறங்கினேன். இடுப்பு வரை வந்தது.

"அப்பா, இடுப்பு வரைக்கும் தூக்கிட்டாரு! இடுப்பு!" என்று மலர் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினாள்.